முதலாளித்துவ நாட்டுக்குள் சிறு கம்யூன்கள் தாக்குப்பிடிக்குமா?

தாக்குப்பிடிக்கும், வெளிச்சந்தையில் விற்க ஏதாவது இருந்தால். வருமானத்தையும் வேலையையும் பொதுவில் வைத்துச் சேர்ந்து வாழும் குழுதான் கம்யூன். கூட்டுக்குடும்பம் மாதிரி: வீட்டுக்குள் யாரும் யாருக்கும் பில் போடுவதில்லை, மளிகைக்கடையில் மட்டும் காசு கொடுத்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கம்யூன் அந்தக் காசுக்காகவே பல ஆண்டுகள் கயிற்றுத் தொட்டில் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் ஹேமக்) பின்னி விற்றது. ஆளுக்கு வாரம் சுமார் 42 மணி நேர வேலை. சமையல், குழந்தை வளர்ப்பு எல்லாம் அதே கணக்கில், எந்த வேலையானாலும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். தொட்டில்களை மொத்தமாக வாங்கிய கடை நிறுத்திக்கொண்டதும் வருமானம் சரிந்தது, டோஃபு (சோயா பன்னீர்) விற்பனை கைகொடுத்தது.

சொந்தமாக எதுவுமே இருக்காது என்பது தவறு: அவரவர் அறைக்குள் இருக்கும் துணிமணி, புத்தகம் அவரவருடையதுதான்.