நெஞ்சில் பட்ட பந்து

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பத்து வயது, கால்பந்து ஆடுகிறான். எல்லா மேட்சிலும் பெற்றோர்கள் கோட்டோரம் நின்று நடுவரைத் திட்டுகிறார்கள். போன வாரம் வந்த நடுவருக்கே பதினாறு வயதுதான் இருக்கும். நானும் ஒரே ஒரு தடவை கத்திவிட்டேன். அவர் கொடுத்த ஆஃப்சைடு தீர்ப்பு அப்பட்டமான தப்பு. அறிவிப்புப் பலகை வைக்கலாமா, அபராதம் போடலாமா? நடுவரை மதிக்கக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

பலகை வையுங்கள், நஷ்டமில்லை. கத்துகிறவர் அதைப் படிக்கமாட்டார், அவ்வளவுதான். அபராதத்தை வசூலிக்கப் போனால் அது தனிச் சண்டை. இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் 2019-20 பருவத்திலிருந்து, நடுவரோடு மல்லுக்கு நிற்கும் ஆட்டக்காரரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஆடுகிறவர்களுக்கு. அப்பாக்களை எங்கே உட்காரவைப்பது?

அந்த 'ஒரே ஒரு தடவை'க்கு வருகிறேன். நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்? பந்து உதைபடும் அந்தக் கணத்தில், கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரரைத் தாண்டி கோல் பக்கம் ஒருவர் நிற்கிறாரா என்பதுதான் ஆஃப்சைடு; பார்க்கிறவர் அந்த எதிரணி ஆட்டக்காரருக்கு நேர்கோட்டில் இருந்தால்தான் அது சரியாகத் தெரியும். நாலடி தள்ளி நின்றாலே கண் ஏமாற்றும். உங்களுக்கு அது அப்பட்டமாம்! கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன்கூட இல்லாமல் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே பார்த்தவன் பதினாறு வயதுப் பிள்ளை. வெட்கமாக இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இருபது வயதில் ஒரு சிறுவர் மேட்சுக்கு நடுவர் வரவில்லையென்று என் கையில் விசிலைத் திணித்துவிட்டார்கள். வாய் உலர்ந்துபோய் முதல் இரண்டு தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் பாதியில் கோலுக்கு முன்னால் ஒரு பையன் மேல் பந்து பட்டது. கையில் பட்டதென்று நினைத்து பெனால்டி கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் என் பக்கம் திரும்பினான். சட்டையில், நெஞ்சுக்கு நேராக, வட்டமாக ஈரச் சேறு. கைகள் இரண்டும் சுத்தமாக இருந்தன.

தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆட்டம் மறுபடி தொடங்கும் முன் நடுவர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், விதியே இடம் கொடுக்கிறது. பெனால்டி இன்னும் உதைக்கப்படவில்லை. விசிலை வாய்க்குக் கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து கோட்டோரத்திலிருந்து ஒருவர், "டேய் குருடா, எவ்வளவு வாங்கினே?" என்றார். பின்னாலேயே நாலைந்து குரல்கள்.

நான் மாற்றவில்லை.

இப்போது மாற்றினால் கத்தலுக்குப் பயந்து மாற்றியதாகிவிடும், அப்புறம் மிச்ச ஆட்டம் முழுக்க யார் அதிகம் கத்துகிறாரோ அவர் பக்கம்தான் தீர்ப்பு என்று இருபத்திரண்டு பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள் என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வீம்பு. அந்த ஆள் சும்மா இருந்திருந்தால் அவர் கேட்ட நியாயம் அவருக்குக் கிடைத்திருக்கும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கத்தல் தப்பைத் திருத்தாது, திருத்த இருந்தவனையும் தடுத்துவிடும். மரியாதை, பண்பாடு எல்லாம் இருக்கட்டும். காரிய அளவில் பார்த்தாலும் முட்டாள்தனம்.

கோல் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சாதாரண த்ரோ இன்னுக்கு அந்தப் பையன் என்னைப் பார்த்து, "குருடா" என்றான். அதே இழுப்பு, அதே குரல். அவனுக்கு மஞ்சள் அட்டை காட்ட எனக்குக் கை வரவில்லை.

கால்பந்தின் ஆரம்பக் காலத்தில் அணிக்கு ஒரு அம்பயர் இருந்தார். அவர்கள் ஒத்துப்போகாதபோது மட்டும் வெளியே நின்ற நடுவரிடம் கேட்பார்கள். 1891-ல்தான் அவரை மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள். நம்மால் தீர்க்க முடியாமல் நாமே கூப்பிட்ட ஆள் அவர்.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? நீங்கள் கத்திய அன்று மேட்ச் முடிந்து வரும்போது உங்கள் மகன் அந்த நடுவரைப் பற்றி என்ன சொன்னான் என்று எழுதவே இல்லையே. அதை எழுதுங்கள்.