சருகு அள்ள இயந்திரம் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோட்டத்துச் சருகை அகற்ற இயந்திரம் தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குடியிருப்புத் தோட்டத்தைப் பராமரிப்பவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நாள்தோறும் குனிந்து பெருக்குகிறார். காற்றைப் பீய்ச்சிச் சருகைத் தள்ளும் ப்ளோயர் ஒன்று அவர் சுமையைக் குறைக்காதா? கையால் செய்வதே மேல் என்பது, அந்த வேலையைச் செய்யாதவர்களின் பேச்சாக எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசி வரியில் நியாயம் இருக்கிறது. ஆகவே அந்தப் பணியாளரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பெட்ரோலில் ஓடும் ப்ளோயரின் ஓசை, அதைப் பிடித்திருப்பவரின் காதருகே பெரும்பாலும் 95 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் கணக்கின்படி 94 டெசிபலில் 1 மணி நேரம்தான். போதாததற்கு, இவற்றில் பெரும்பாலானவை எண்ணெய் கலந்த பெட்ரோலை எரிக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். எரிபொருளில் கணிசமான பங்கு எரியாமலே புகையோடு வெளியேறும். தொழில்முறை ப்ளோயர் ஒன்று 1 மணி நேரத்தில் உமிழும் புகைமாசு, ஒரு புதிய கார் ஏறத்தாழ 1,770 கிலோமீட்டர் ஓடி உமிழ்வதற்கு இணை என்று கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. அதை முதலில் சுவாசிப்பவர் இயந்திரத்தை முதுகில் சுமப்பவர்தான்.

குனிய வேண்டியிருப்பது துடைப்பம் குட்டையாக இருப்பதால். தோளுயரக் காம்பும் விசிறிபோல் விரிந்த பற்களும் உள்ள வாரி ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுங்கள். பனி காய்ந்த பிறகு, சரிவில் கீழ்நோக்கிக் குட்டை இழுப்புகளாக இழுத்து, தரையில் விரித்த பழைய போர்வையின் மீது சேர்த்து, அதன் முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், கூடை தூக்கும் வேலையும் மிச்சம். நனைந்து தரையோடு ஒட்டிய இலையை ப்ளோயரும் எளிதில் கிளப்பிவிடாது. அதற்கும் வாரிதான் வேண்டும்.

அந்தப் போர்வையை எங்கே இழுத்துப் போவது என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. மரத்தடிக்கு என்பேன். சென்ற வாரம் ஒரு மரத்தடியில் சருகை விலக்கிப் பார்த்தேன். மேலே மொரமொரப்பான முழு இலைகள். அவற்றின் கீழே சதையெல்லாம் கரைந்து நரம்பு மட்டும் வலையாக எஞ்சியவை. அதற்கும் கீழே வெண்ணிறப் பூஞ்சை இழைகள் ஓடிய ஈரமான கருமண், அதில் ஊசிமுனையளவுப் பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஓர் இலையின் மடிப்பில் கூட்டுப்புழு ஒன்று ஒட்டியிருந்தது, நானும் இலை என்றே நினைத்து எடுத்துவிட்டேன். மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்றைப் பீய்ச்சும் குழாயை இங்கே திருப்பினால் என்ன மிஞ்சும்? பூச்சிகளுக்கு இது கேடு என்பதால், தவிர்க்கவே முடியாத இடங்களில் மட்டும் ப்ளோயரைப் பயன்படுத்துமாறு ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2019இல் கேட்டுக்கொண்டது.

எல்லா இடத்திலும் இலையை விட்டுவைக்க முடியாது. நடைபாதையிலும் படிகளிலும் அது வழுக்கும், வடிகால் வாயை அடைக்கும், புல்தரையில் கனமாகப் படிந்தால் புல் வெளிச்சமின்றிச் சாகும். அங்கெல்லாம் அகற்றத்தான் வேண்டும். வண்டிகள் நிற்கும் பெரிய கல்தளம் இருந்தால், அதற்கு மட்டும் மின்கலத்தில் ஓடும் ப்ளோயரைக் காதடைப்பானோடு பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. இவற்றைக் கழித்துவிட்டு, மரத்தடிகளையும் செடிப்பாத்திகளையும் தொடாமல் விட்டால், வேலை எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் அந்தப் பெரியவரோடு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். எந்தெந்த இடங்களை இனிப் பெருக்க வேண்டாம் என்று அவரே சொல்லட்டும்.

அன்புடன்