காட்டு வேலைக்கு என்ன படிக்கலாம்?

கேள்வி: பி.எஸ்ஸி. விலங்கியல் இறுதியாண்டு மாணவன் நான். காட்டிலேயே வேலை பார்க்க ஆசை. வனத்துறையா, வனவிலங்கு ஆராய்ச்சியா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை. வனத்துறையில் ரோந்து, வழக்கு, காட்டுத்தீ, ராகிக் கொல்லைக்குள் இறங்கும் யானை என்றே நாள் ஓடிவிடும். ஒரு விலங்கைப் பின்தொடர்ந்து ஆராய நேரம் கிடைப்பது அரிது. அந்த வேலைதான் வேண்டும் என்றால், உங்கள் பட்டத்துக்கு ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) தேர்வு எழுதலாம், முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் அதற்கும் ஒன்றே, மெயின் தனி. ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கி.மீ. நடந்து காட்ட வேண்டும். மணிக்கு ஆறேகால் கி.மீ. என்பது சாதாரண நடையில் எட்டாது. இப்போதே நடக்க ஆரம்பியுங்கள்.

ஆராய்ச்சிக்கு எம்.எஸ்ஸி. வனவிலங்கு உயிரியல் வேண்டும். மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்கும் பெங்களூரு தேசிய உயிரி அறிவியல் மையத்துக்கும் (என்.சி.பி.எஸ்.) நுழைவுத் தேர்வு இருக்கிறது. படித்து முடித்ததும் கிடைப்பது பெரும்பாலும் புராஜெக்ட் வேலை. ஒப்பந்தம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு இறங்குங்கள். புள்ளியியலைப் பயந்து ஒதுக்காதீர்கள், பலர் தடுமாறும் இடம் அதுதான்.

உங்கள் தருமபுரி மாவட்டத்தையும் கிருஷ்ணகிரியையும் தொட்டு காவேரி வடக்கு (2014), காவேரி தெற்கு (2022) என இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. ஆனால் அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்து நேரம், இடம், எண்ணிக்கை எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: சிறுத்தைக் கணக்கெடுப்பில் தானியங்கி கேமரா கட்டப் போகிறேன். எதில் தவறு வரும்?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: எந்தச் சிறுத்தை என்பதை உடம்பிலுள்ள புள்ளிகளை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். ஆனால் அதன் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்காது. அதனால்தான் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா. முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் பிளாஷ் மற்றதன் லென்ஸில் அடிக்கும். சற்றே விலக்கி வையுங்கள். சூடான எது முன்னால் அசைந்தாலும் தானே படம் எடுக்கும் கேமரா இது. முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால், வெயிலில் சூடான புல் காற்றில் ஆட ஆட கேமரா வெற்றுப் படங்களாக எடுத்துத் தள்ளும். கார்டும் பேட்டரியும் அதிலேயே தீர்ந்துவிடும். கட்டியதும் அதன் முன்னால் தவழ்ந்து போய், படம் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு கடிகாரங்களும் நிமிடம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரு பக்கப் படங்களும் ஒரே சிறுத்தையுடையவையா என்று சேர்த்துப் பார்க்க முடியாது.