499 வோல்ட், 500க்குள்தானே? – சோலார் கேள்வி பதில்

கே: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வீடு. 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 550 வாட் பேனல் 10, 5.12 யூனிட் லித்தியம் பேட்டரி ஒன்று என்று விலைப்புள்ளி வந்திருக்கிறது. பத்து பேனலையும் ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தொடராகக் கோர்ப்பார்களாம். ஒரு பேனல் 49.9 வோல்ட், பத்துக்கு 499. இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 500. சரிதானே?

ப: கையெழுத்துப் போடாதீர்கள். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் 49.9 வோல்ட், பேனலுக்குள் இருக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது உள்ள கணக்கு. குளிர் கூடினால் வோல்டேஜும் கூடும். இந்த வகைப் பேனல்களில் டிகிரிக்கு 0.27 சதவீதம் அளவில் ஏறும். உங்கள் ஊரில் குளிர்காலமான ஜூலையில் விடியற்காலை பூஜ்யத்தைத் தொடும் நாட்கள் உண்டு. 25 டிகிரி இறங்கினால் கிட்டத்தட்ட 6.75 சதவீதம் ஏற்றம். அப்போது ஒரு பேனல் 53.3, பத்துக்கு 533 வோல்ட். பனி படர்ந்த காலையில் முதல் வெயில் விழுந்ததும் இன்வெர்ட்டரின் உள்ளே உள்ள சர்க்யூட் பலகை கருகிவிடக்கூடும். வரம்பு மீறி இணைத்ததால் வாரண்டியும் கிடைக்காது.

இதற்கு அதிகச் செலவில்லாத தீர்வு இருக்கிறது. பேனலையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில், 5 கிலோவாட் அளவில் பெரும்பாலானவற்றில் பேனல் நுழைவாயில் இரண்டு இருக்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 250 வோல்ட்; கடுங்குளிரில்கூட 267ஐத் தாண்டாது. ஒரே நுழைவாயில்தான் என்றால் எட்டோடு நிறுத்துங்கள். ஒன்பது போட்டாலும் 480 வரும், வரம்புக்குள்தான். ஆனால் எட்டு நிம்மதி. பேனலின் ஆம்பியரை இன்வெர்ட்டர் ஏற்குமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 550 வாட் பேனல் 13 முதல் 14 ஆம்ப் தரும். பழைய மாடல்கள் சில அதற்குக் கீழேயே நின்றுவிடும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 20 சதவீதம் மீதம் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது 4 யூனிட். ஃபிரிட்ஜ் சராசரி 100 வாட், டிவி 100, விளக்குகள் 60, மின்விசிறி 60, வைஃபை 15 என்று எல்லாம் ஓடினால் 12 மணி நேரம் தாங்கும். ஆனால் இந்த அளவுப் பேட்டரிகள் பலவற்றில் தொடர்ந்து எடுக்கப் பரிந்துரைப்பது 50 ஆம்ப், அதாவது இரண்டரை கிலோவாட். கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் பேட்டரி தானே துண்டித்துக்கொள்ளக்கூடும். இன்வெர்ட்டர் 5 கிலோவாட் என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறும் இடம் இதுதான்.

ஒன்று மறக்காதீர்கள்: தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளில் பேனல் தெற்கு பார்க்க வேண்டும் என்பார்கள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு வடக்கு. சாய்வு 30 டிகிரி அளவில்.

கே: டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நின்றும் கேபிள் திருட்டால் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. அப்போது பேட்டரியில் வாஷிங் மெஷின் ஓடினால் தொட்டால் சுரீர் என்கிறது. எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு வந்தால் தானே விழும் சுவிட்சின் சோதனைப் பட்டனை அழுத்தினால் சரியாகத்தான் விழுகிறது. பிறகு ஏன்?

ப: அம்மா, முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள். கரண்ட் இல்லாத நேரங்களில் ஓட்டவே வேண்டாம்.

நகராட்சி மின்சாரம் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் வெளியே ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் வெளி லைனைக் கழற்றிவிடும்; அந்தச் சேர்க்கையும் அதோடு போய்விடும். கசியும் மின்சாரம் திரும்ப வழியில்லாததால் 30 மில்லியாம்ப் எர்த் லீக்கேஜ் அதை உணராது. பட்டன் உங்களை ஏமாற்றுகிறது: அது எர்த்தைத் தொடாமல், உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கசிவைப் போலக் காட்டுகிறது. சேர்க்கை இல்லாவிட்டாலும் பட்டன் விழும்.

பல இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) உண்டு. கரண்ட் போகும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும், வந்ததும் பிரிக்கும். உங்கள் வீட்டில் அது வயரிங் செய்யப்படாமல் விட்டிருக்க வேண்டும். அதற்காக டிபி போர்டில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியில்) நிரந்தரமாக ஒரு கம்பி போட்டுவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; கரண்ட் வந்த பிறகு எர்த் லீக்கேஜ் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன், மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும்போதே பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மெஷினில் கசிவு எங்கே என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சோலார் வேலைக்கான இணக்கச் சான்றிதழை, அதாவது வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் தீ விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பது கடினம்.

கே: என் மகன் மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடித்திருக்கிறான். பேனல் எல்லாம் சீனாவிலிருந்து வருகிறது. இந்தத் துறை இங்கே நிலைக்குமா? – ஃபீனிக்ஸ், டர்பன்

ப: நிலைக்கும். ஆனால் எந்த இடத்தில் நிலைக்கும் என்று பார்த்து அவனைச் சேருங்கள். 2011இல் காற்று, சூரிய மின்சாரத்துக்கான அரசின் மின் கொள்முதல் ஏலங்கள் தொடங்கியபோது ஆலைகள் நம்பி வந்தன. கேப்டவுனுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில் உள்ள அட்லாண்டிஸில் 2014இல் காற்றாலைக் கோபுர ஆலை திறந்தது. 2018இல் அந்த ஊர் பசுமைத் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆனால் நடுவே அரசு மின் நிறுவனமான எஸ்காம் ஒப்பந்தங்களில் கையெழுத்திடாமல் இழுத்தது. தேங்கிக் கிடந்த 27 திட்டங்கள் 2018 ஏப்ரலில்தான் கையெழுத்தாயின. அத்தனை நாள் ஆர்டர் இல்லாமல் எந்த ஆலை தாங்கும்? இயந்திரம் வாங்கிப் போட்டவர்கள் மூடிவிட்டுப் போனார்கள். இந்தத் துறைக்கு நாம் செய்த பெரிய கெடுதல் அது.

2023இல் தனியார் மின் உற்பத்தி இவ்வளவைத் தாண்டினால் உரிமம் வேண்டும் என்ற வரம்பு முழுவதும் நீங்கியது. 2024இல் பேனல் இறக்குமதிக்கு 10 சதவீத வரி வந்தது. வரி மட்டும் ஆலையைக் காப்பாற்றாது, ஏனென்றால் இங்கே பேனலைக் கோத்துச் செய்தாலும் அதற்குள் இருக்கும் செல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. இங்கேயே செய்தாக வேண்டியது கூரை வேலை, வயரிங், சோதனை, பராமரிப்பு. அதைக் கப்பலில் இறக்க முடியாது.

ஆகவே பையனை மூன்று நாள் சோலார் வகுப்புக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியன் பயிற்சி, டிரேட் டெஸ்ட் என்னும் தொழில் தேர்வு, பிறகு வயர்மேன் உரிமம். இணக்கச் சான்றிதழில் கையெழுத்திடும் தகுதி அதோடுதான் வரும். அதன் மேல் பிவி கிரீன்கார்டு என்னும் சோலார் பொருத்துநர் சான்று. காற்றாலையில் ஆசை என்றால் பெல்வில்லில் சாரெடெக் பயிற்சி மையம் இருக்கிறது. உயரத்துக்குப் பயப்படாதவனாக இருக்க வேண்டும்.

கே: ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பேனல் போடலாமா?

ப: துளையிடக் கூடாது. துளைத்தால் நார் தூசாகப் பறக்கும். மூச்சோடு போனால் நுரையீரல் போகும். ஒரு பேனல் 27 கிலோ அளவில் இருக்கும், பழைய ஓட்டுக்கு அந்தப் பாரம் ஆகாது. பதிவு பெற்றவர்களைக் கொண்டு கூரையை மாற்றியபின் போடுங்கள். இப்போதே வேண்டுமென்றால், வலுவான தகரக் கூரை உள்ள கேரேஜில் நான்கைந்து பேனல் போட்டு, கீசருக்கு டைமர் வையுங்கள். 150 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 60க்குச் சூடாக்க 7 யூனிட் ஆகும். 3 கிலோவாட் எலிமெண்டை 2 கிலோவாட்டாக மாற்றி, காலை 10 மணியிலிருந்து 2 மணிவரை ஓடவிட்டால் நல்ல வெயில் நாளில் பெரும்பகுதியைச் சூரியனே பார்த்துக்கொள்ளும்.