இரு வல்லரசுகளின் தீர்வைப் போர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா விதிக்கும் தீர்வையை (இறக்குமதி வரியை) செலுத்துவது சீனாவா? (வெள்ளவத்தை வாசகர்)

இல்லை. பொருளை அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்யும் நிறுவனமே அந்நாட்டுச் சுங்கத்துக்குச் செலுத்துகிறது. பின்னர் அந்நிறுவனம் விலையை உயர்த்தலாம், அல்லது சீன விற்பனையாளரிடம் விலைக்குறைப்புக் கேட்கலாம்.

கேள்வி: 2025 ஏப்ரலில் 145 வீதமாக உயர்ந்த தீர்வையை அமெரிக்கா அடுத்த மாதமே குறைத்தது ஏன்? (கொட்டாஞ்சேனை வாசகர்)

அந்த வீதத்தில் வர்த்தகம் ஏறத்தாழ நின்றுவிடும் என்பதை இரு தரப்பும் உணர்ந்தன. அதைவிட முக்கியமான காரணம், ஏப்ரல் 4ஆம் திகதி சமாரியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் (அரிய உலோகங்களின்) ஏற்றுமதிக்குச் சீனா அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியதே என்று நான் கருதுகிறேன். கார் மோட்டாரிலிருந்து போர் விமானம் வரை தேவைப்படும் வெப்பம் தாங்கும் வலுவான காந்தங்கள் இவற்றில் சிலவின்றி உருவாவதில்லை. இவற்றைச் சுத்திகரிக்கும் தொழிலின் பெரும்பகுதியோ சீனாவிடமே இருக்கிறது. மே 12ஆம் திகதி ஜெனீவாவில் அமெரிக்கா 30 வீதத்துக்கும் சீனா 125இலிருந்து 10 வீதத்துக்கும் இறங்கின. ஒக்டோபர் 30ஆம் திகதி தென் கொரியாவின் பூசானில் ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபின், சீனா புதிய அருமண் கட்டுப்பாடுகளை ஓராண்டுக்கு ஒத்திவைத்தது. இதைச் சமாதானம் என்று கொள்ளக்கூடாது, அவகாசம் மட்டுமே.

கேள்வி: சீனத் துணியைக் கட்டுநாயக்கவில் தைத்தால் அது சீன ஆடையா? (நீர்கொழும்பு வாசகர்)

பொதுவாக, ஆடை எங்கே முழுமையாகத் தைத்துப் பொருத்தப்பட்டதோ அந்த நாட்டின் பொருளாகவே அமெரிக்கச் சுங்கம் அதைக் கருதுகிறது. துணியும் பொத்தானும் ஸிப்பும் சீனாவிலிருந்து வந்திருந்தாலும், கழுத்துப் பகுதியிலுள்ள அடையாளச் சீட்டில் 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்று எழுதலாம். ஆனால் சீனாவில் தைத்து முடித்த ஆடையை இறக்கி, சீட்டை மட்டும் மாற்றி அனுப்பினால் அது மோசடி. ட்ரம்பின் 2025 ஜூலை 31ஆம் திகதி உத்தரவு அத்தகைய பொருளுக்கு 40 வீதத் தீர்வை விதித்தது. அதே உத்தரவு, ஏப்ரலில் 44 வீதம் என்று அறிவிக்கப்பட்ட இலங்கையின் தீர்வையை 20 வீதமாக்கியது. ஆகவே வெட்டியதற்கும் தைத்ததற்குமான பதிவேடுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: சிறு நாடு இருவரிடமும் வியாபாரம் செய்ய முடியுமா? (தெஹிவளை வாசகர்)

முடியும், ஆனால் விலை உண்டு. 1952இல், கொரியப் போரின் நடுவே அரிசி கிடைக்காமல் தவித்த இலங்கை, சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. சீனா இறப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. அமெரிக்காவோ நமக்கான உதவியை நிறுத்தியது. அந்த ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு மூன்று தசாப்தங்கள் நீடித்தது.