36 வயதுக்கு மேல் அனிமேஷன் கற்றுக்கொள்ளத் தொடங்கலாமா? சிறு வயதிலிருந்தே அனிமேட்டர் ஆக வேண்டும் என்ற ஆசை, வேலை இப்போது வேறு.

தொடங்கலாம். நான் தொடங்கியபோது எனக்கும் சரியாக 36. இப்போது 40 ஆகிறது. இன்னும் என்னை யாரும் அனிமேட்டர் என்று கூப்பிடுவதில்லை, அதிலிருந்து ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஊர் சிவகாசி. அப்பா அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டினார். தினசரி காலண்டரில் அச்சுப் பிழை விழுந்த தேதித்தாள் கட்டுகளை ஜனவரி பிறந்ததும் வீட்டுக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்கு அது அடுப்புப் பற்றவைக்க, எனக்குப் படம் வரைய. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு கட்டில் 365 தாள், ஒரு பக்கம் பின் அடித்திருக்கும், விரலால் சர்ரென்று விட்டால் ஓடும். யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு தாளிலும் ஒரு குச்சி மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வரைந்தேன். ஆடி மாதம் வரை நடந்தான், அதற்கு மேல் எனக்குப் பொறுமையில்லை.

1993-இல் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மௌக்லி வருவான். இந்தி. ஒரு சொல்லும் புரியாது, ஆனாலும் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பேசும்போது வாய் மட்டும் அசைகிறது, தோள், கை, தலை எல்லாம் அப்படியே நிற்கிறது என்பதை அப்போதே கவனித்துவிட்டேன். ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வந்தது. அது ஜப்பானில் செய்தது, தொலைக்காட்சிக்கு வாராவாரம் படம் முடிக்க வேண்டியிருப்பதால் வரையும் எண்ணிக்கையை அப்படித்தான் மிச்சம் பிடிப்பார்கள் என்பதெல்லாம் வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. எட்டு வயதில் தெரிந்தது ஒன்றுதான்: இதை யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து வரைகிறார், அந்த வேலை எனக்கு வேண்டும்.

பிளஸ் டூ முடித்தது 2003-இல். அப்போது தமிழ்நாடு முழுக்க மல்டிமீடியா அலை. சென்னை பென்டாமீடியா 2000-த்திலேயே பாண்டவர் கதையை முழு நீள முப்பரிமாணப் படமாக எடுத்திருந்தது. அதைக் காட்டியே ஊருக்கு ஊர் பயிற்சி நிலையங்கள் போர்டு மாட்டின. மதுரையில் அப்படி ஒன்றில் சேர்ந்தேன். "படம் வரைஞ்சா சோறு போடுமாப்பா?" என்று கேட்ட அப்பாதான் சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து முதல் தவணை கட்டினார். ஆறு மாதம் ஃபோட்டோஷாப், கோரல் டிரா. அனிமேஷன் எப்போது சார் என்றால் அடுத்த செமஸ்டர். அடுத்த செமஸ்டரில் அதே கட்டடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்கியது. பணம் போனது போனதுதான். ஆனால் அந்தக் கோரல் டிராவை வைத்துத்தான் ஊருக்கே திரும்பி வந்து ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்தேன். இன்றும் அந்த வேலைதான்.

பதினெட்டு வருடம் அனிமேஷனை நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தால் எரிச்சல் வரும், அதனால் நினைப்பதில்லை.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று புது வருடக் காலண்டர் ஆல்பம், அதாவது ஆர்டர் பிடிக்கக் காட்டும் மாதிரிப் புத்தகம், வெளிவரும். அதிலிருந்து டிசம்பர் வரை தூக்கம் குறைவு. 2021 ஆவணியில் ஓர் இரவு, ஒரு ஜவுளிக்கடைக்காரர் முருகன் படத்தில் திருத்தம் மேல் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். "மயில் நம்ம கடை பேரைப் பாக்கணும், கழுத்தை இன்னும் கொஞ்சம் திருப்புங்க." ஆறு ஃபைல் ஆகிவிட்டது. எது கடைசி என்று பார்க்க எல்லாவற்றையும் திறந்து அம்புக்குறிப் பட்டனை வரிசையாகத் தட்டினேன். மயில் கழுத்தைத் திருப்பியது.

முன்னும் பின்னும் இருபது தடவையாவது தட்டியிருப்பேன். பிளேட் போடும் தம்பி எட்டிப் பார்த்து, "அண்ணே, தூங்கப் போங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து பிளெண்டரை இறக்கினேன். அறியாதவர்களுக்கு: இலவச மென்பொருள், முப்பரிமாணத்துக்குப் பேர்போனது, அதற்குள்ளேயே கையால் வரையும் கிரீஸ் பென்சில் என்ற வசதியும் உண்டு. 2002-இல் மக்களிடம் ஒரு லட்சம் யூரோ வசூலித்து அதன் மூல நிரலைப் பொதுவாக்கினார்கள். 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' இதில் செய்த படம். ஆகவே நல்ல மென்பொருள் வாங்கக் காசில்லை என்ற சாக்கு இனி செல்லாது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்கூட, நல்ல சாக்கு அது.

முதல் பயிற்சி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஒரு பந்து விழுந்து எம்ப வேண்டும். என் பந்து பலூன் மாதிரி மிதந்து இறங்கியது. மூன்று வாரம். வண்ணம் மாற்றினேன், நிழல் போட்டேன், தரை வரைந்தேன், எதுவும் பலிக்கவில்லை. தவறு வேறு இடத்தில். எல்லா இடைவெளியையும் சமமாக வைத்திருந்தேன். விழும் பொருள் அப்படி விழாது. சம நேரத் துண்டுகளில் அது கடக்கும் தூரம் 1, 3, 5, 7, 9, 11 என்று கூடிக்கொண்டே போகும். பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். நான்கு அடி உயரத்திலிருந்து விழும் பந்துக்கு ஏறக்குறைய அரை நொடி ஆகும். திரையில் வந்துபோகும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 12 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் ஆறு நகர்வு. அந்த ஆறு எண்களையும் கூட்டினால் 36. அடி ஸ்கேலை எடுத்து 36 மில்லிமீட்டர் கோடு போட்டு, 1, 4, 9, 16, 25, 36 என்று புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகளில் பந்தை வரைந்து ஓட்டியதும் தொப்பென்று விழுந்தது. சத்தமே இல்லாத வீடியோவில் எனக்குச் சத்தம் கேட்டது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே நுட்பம் இதுதான்: படம் அழகாக இருப்பதில் வேலை இல்லை, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் எடை இருக்கிறது. நன்றாக வரையத் தெரிந்தவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் படத்திலேயே நகம், முடி எல்லாம் போட்டுவிட்டு, அதை அழிக்க மனம் வராமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் வரைவதில் சுமார், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அச்சகப் பழக்கம் எதிர்பாராமல் கைகொடுத்தது. நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக உட்காராவிட்டால் ரிஜிஸ்டர் அவுட் என்போம், அம்மனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். தாளில் அனிமேஷன் செய்கிறவர்களும் தாளில் துளையிட்டு ஆணிப் பட்டையில் மாட்டி, இதே ரிஜிஸ்டருக்காகத்தான் மாரடிக்கிறார்கள். ஃபிலிம் ஒட்டிய காலத்து லைட் டேபிள் (அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை) ஒன்று குடோனில் தூசி பிடித்துக் கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன். "எடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, தூக்கிட்டுப் போப்பா" என்றார். டியூப் மட்டும் மாற்றினேன்.

அப்புறம் நடை. காலைத் தரையில் வைப்பது, எடை இறங்குவது, மற்றக் கால் கடப்பது, உடம்பு எழும்புவது என்று நான்கு நிலை. வீடியோ பார்த்துப் படித்தேன், வரைந்தால் ரோபோ மாதிரி வந்தது. சரி, அசல் நடையைப் பார்ப்போம் என்று தெருக்குழாயிலிருந்து இடது இடுப்பில் குடத்தோடு வரும் அம்மாவைச் செல்போனில் எடுத்தேன். "எதுக்குய்யா என்னையப் போய்" என்று முந்தானையைச் சரி செய்துகொண்டே நடந்தார்.

செல்போன் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும். ஒவ்வொன்றாக நகர்த்தி, எந்தக் கால் எத்தனை ஃபிரேம் தரையில் இருக்கிறது என்று எண்ணினேன். இடது கால் 20. வலது கால் 17. குடத்தின் எடை இடது பக்கம் இழுப்பதால் இருக்கும் என்று நினைத்து, மறுநாள் வெறுங்கையோடு நடக்கச் சொல்லி எடுத்தேன். அப்போதும் 20, 17. வலது காலை வைத்த வேகத்தில் எடுத்துவிடுகிறார். கேட்டால், "அது ரெண்டு வருசமா இருக்கு, சொன்னா ஆஸ்பத்திரின்னு அலைய வைப்ப" என்றார். மூட்டுத் தேய்மானம். இப்போது மருந்து, உடற்பயிற்சி நடக்கிறது, குடம் என் வேலையாகிவிட்டது. தினமும் ஒரே வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த நடை அது. நான் கவனிக்கவில்லை, ஃபிரேம் எண்ணிய பிறகுதான் தெரிந்தது.

வேலையை விடலாமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். நான் விடவில்லை. சென்னை ஸ்டுடியோக்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ரோட்டோ, பெயிண்ட் வேலைதான். நடிகரின் உருவத்தைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு வெட்டுவது, கம்பி கயிறை அழிப்பது. மரியாதையான வேலை, ஆனால் எதையும் நடக்க வைக்கும் வேலை இல்லை. பெரிய இடம் என்றாலும் நிரந்தரம் கிடையாது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பன்னாட்டு சினிமா கிராஃபிக்ஸ் நிறுவனம் விழுந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் எத்தனையோ பேர் ஒரே நாளில் வெளியே நின்றார்கள். வீட்டுக்கடன் இருப்பவர் இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும். 2003-இல் எனக்கு அந்தப் படிப்பு ஒழுங்காகக் கிடைத்திருந்தால் நானும் ரோட்டோ வெட்டிக்கொண்டிருப்பேன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் கதையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை.

பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் எண்ணமிருந்தால், கட்டுவதற்கு முன் ஒரு மாதம் பந்து மட்டும் போட்டுப் பாருங்கள். அலுப்புத் தட்டினால் பணம் மிச்சம். சனி, ஞாயிறு மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது நடக்காது. எனக்கு ஒத்துவந்தது காலை 5 முதல் 6 வரை, ஆடி முதல் மார்கழி வரை அதுவும் கிடையாது.

நான்கு வருடத்தில் கையில் இருப்பது 22 நொடிப் படம். ஒருவர் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்து வருகிறார், வாசலில் இறக்குகிறார், அவ்வளவுதான். நொடிக்கு 12 படம் வீதம் 264 வர வேண்டும், நடை திரும்பத் திரும்ப வருவதால் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் வரைந்தேன். அந்த 20, 17 வித்தியாசத்தை அப்படியே வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தடவை போடச் சொன்னார். தன் நடைதான் அது என்று கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

"தண்ணி தளும்பவே மாட்டேங்குதே, வெறுங்குடமா அது?" என்றார்.

வெறுங்குடம்தான். உள்ளே தண்ணீர் இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். குடத்தின் வாயில் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு எழும்பும், உடம்பு இறங்கி எத்தனை ஃபிரேம் கழித்துத் தளும்பும் என்று இப்போது வாளியை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆடி வருவதற்குள் முடிக்க வேண்டும்.