கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் பாஸ்கீ வேலை செய்யவில்லையே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் படிக்கும் மகன் என் ஜிமெயிலுக்குப் போனில் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போன் பூட்டைத் திறக்கும் விரலாலேயே கணக்கில் நுழையும் வழி) போட்டுக் கொடுத்தான். அவன் லேப்டாப்பில் கியூஆர் வந்தது. ஸ்கேன் செய்து விரல் வைத்ததும் திறந்துவிட்டது. கடை டெஸ்க்டாப்பில் கியூஆரே வருவதில்லை, யூஎஸ்பியில் ஏதோ சாவியைச் செருகச் சொல்கிறது. இன்னொரு சந்தேகம்: உர மிஷினில் விவசாயிகள் விரல் வைப்பதுபோல என் கைரேகையும் எங்காவது போகிறதா?

பதில்: அநேகமாக உங்கள் டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் கிடையாது, அல்லது அணைந்திருக்கிறது. அப்படி இருந்தால் போன் மூலம் நுழையும் வழியையே பெரும்பாலும் காட்டாது. செக்யூரிட்டி கீ என்று தனியாக விற்கும் பொருளைத்தான் கேட்கும். அதை வாங்க ஓடாதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ளூடூத் பட்டனே இல்லையென்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் போதும். சிபியு மேஜைக்கு அடியில், உர மூட்டைகளுக்கு நடுவே இருந்தால் பின்பக்கம் செருகாமல் முன்பக்கம் செருகுங்கள். சிக்னல் ஒழுங்காக வரும்.

ப்ளூடூத் வழியாகத்தான் பாஸ்கீ கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். போகவே போகாது. கியூஆரைப் படித்ததும் போன் ஒரு சின்ன சிக்னலைப் பரப்பும். அதைக் கம்ப்யூட்டர் பிடித்தால்தான் போன் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பும். மற்ற பேச்சு முழுக்க இன்டர்நெட் வழியே நடக்கிறது, ஆகவே போனில் டேட்டாவும் ஓட வேண்டும். போனையும் கம்ப்யூட்டரையும் முன்கூட்டியே ப்ளூடூத்தில் இணைத்து வைக்கும் பேரிங் எதுவும் தேவையில்லை. ஸ்கேன் செய்ய போனின் சொந்த கேமராவையே பயன்படுத்துங்கள். பணம் அனுப்பும் ஆப்பின் ஸ்கேனருக்கு இந்தக் கியூஆர் புரியாது.

இந்த ப்ளூடூத் தொல்லையில்தான் பாதுகாப்பே இருக்கிறது. ஓடிபியை எந்த ஊரில் உட்கார்ந்தும் பேசிப் பேசி வாங்கிவிடலாம். ஆனால் ஒருவன் தன் கம்ப்யூட்டரில் வந்த பாஸ்கீ கியூஆரைப் படமெடுத்து, 'மானியத்துக்கு ஸ்கேன் பண்ணுங்க சார்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்களும் நம்பி ஸ்கேன் செய்தாலும், உங்கள் போனின் சிக்னல் அவன் கம்ப்யூட்டருக்கு எட்டாது. அதனால் அவன் உள்ளே நுழைய முடியாது. (பணம் கேட்கும் யுபிஐ கியூஆருக்கு இந்தக் காவல் கிடையாது. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கைரேகை விஷயம். உர மிஷினில் வைக்கும் ரேகை ஆதார் சர்வருக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டு பதில் வர வேண்டும். நெட் படுத்தால் கடை வாசலில் கூட்டம் சேர்வது அதனால்தான். பாஸ்கீயில் உங்கள் ரேகையைப் பார்ப்பது போன் மட்டும். ரேகை சரியென்றால், கூகுள் அனுப்பிய கேள்விக்குப் போன் தன் ரகசியச் சாவியால் கையெழுத்துப் போட்டு அனுப்பும். கூகுளுக்குக் கிடைப்பது அந்தக் கையெழுத்துதான்.

கடைக் கம்ப்யூட்டரைக் கணக்கு எழுதும் பையனும் தொடுவான் அல்லவா? நீங்கள் நுழைந்த பிறகு 'இந்தக் கம்ப்யூட்டரிலும் பாஸ்கீ உருவாக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பின் நம்பர் தெரிந்த யாரும் உங்கள் மெயிலைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் சைன் அவுட் செய்வதும் உங்கள் பொறுப்பு. பாஸ்கீ அதைச் செய்யாது. போனின் பின் நம்பர் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியுமென்றால் இன்றைக்கே மாற்றுங்கள், ஏனென்றால் விரலுக்குப் பதில் அந்த நம்பரைப் போட்டாலும் பாஸ்கீ வேலை செய்யும்.

அப்புறம், போன் தொலைந்தால்? பாஸ்வேர்டை மறந்துவிடாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால் கூகுள் கணக்கில் 10 பேக்கப் கோடுகள் எடுக்கலாம், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். அவற்றைத் தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். கல்லாப்பெட்டி வேண்டாம், அதை உங்களைத் தவிர இரண்டு பேராவது திறப்பார்கள்.